ஈரக்கறையை மறைத்த ஏரி

அந்தப் படத்தை நாங்கள் அழகுக்காக வாங்கவில்லை. கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் இருக்கும் எங்கள் வீட்டில், மாடிப்படிக்கு எதிரே உள்ள சுவரில் ஓர் ஈரக்கறை இருந்தது. எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் ஒரு குளிர்காலம் போனதும் மறுபடி மேலே வந்துவிடும். ஒருநாள் பழைய சாமான் விற்கும் சாரிட்டி கடை வாசலில் பெரிய மரச்சட்டம் போட்ட படம் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். கறையை மூடும் அளவு இருந்தது. கணவரைக் கூப்பிட்டு, "இதைத் தூக்குங்க" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்தார். படத்தின் கீழே வெள்ளை ஓரத்தில் சின்ன எழுத்தில், ஏரிக்கரைக் காட்சி, பின்லாந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அசல் ஓவியம் இல்லை, அச்சுப்பிரதி. ஆணியடித்து மாட்டினோம். கறை மறைந்தது. பிறகு பல வருடங்கள் நான் அதன் கீழே நின்று செருப்புப் போட்டேன், குடையை உதறினேன், தபால் பிரித்தேன். படத்தை மட்டும் பார்த்ததில்லை.

நான் மலேசியாவில் பிறந்தவள். சட்டம் படிக்க லண்டனுக்கு வந்து, படிப்பை முடித்து, வழக்கறிஞர் ஆகாமல் ஒரு காப்புறுதிக் கம்பனியில் சேர்ந்தேன். கார் மோதியவர்கள், குழாய் வெடித்து வீடு நனைந்தவர்கள், அவர்களோடும் அவர்களுடைய வக்கீல்களோடும் தொலைபேசியில் பேசிப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதுதான் வேலை. வாயால் பிழைத்தவள் என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன். வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக வந்தவர். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் பார்த்து, பிறகு அப்டன் பார்க்கில் சொந்தமாக மளிகைக் கடை போட்டார். பேச்சு மிகக் குறைவு. கல்யாணமான புதிதில் அவர் கோபமாக இருக்கிறாரோ என்று பயந்திருக்கிறேன். "ஓம்", "பாப்பம்", "வாறன்". இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் குடும்பம் நடத்த முடியும் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். மீதிப் பேச்சு முழுவதும் என்னுடையது.

அது ஒரு திங்கட்கிழமை காலை. அலுவலகத்தில் ஒருவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் நாக்கு கஞ்சியானது போல இருந்தது. நான் சரியாகத்தான் பேசுகிறேன் என்று எனக்குத் தோன்றியது. மறுமுனையில் அவர் "ஹலோ? ஹலோ?" என்றார். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார் போல. எதிர் மேசைக்காரி எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதிலிருந்துதான் எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்தது. வலது கையிலிருந்து ரிசீவர் தானாக விழுந்தது.

ஸ்ட்ரோக். கை சீக்கிரமே தேறிவிட்டது, கால் இன்னும் சீக்கிரம். பேச்சுத்தான் போய்விட்டது. எல்லாரும் பேசுவது புரிந்தது. நான் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வந்தது: "சரி".

அதைவிட எனக்குப் பொருந்தாத சொல் ஒன்று கிடையாது. வாழ்நாள் முழுவதும் யாருக்கும் லேசில் சரி சொல்லாதவள் நான். இப்போது எல்லாவற்றுக்கும் சரி. வலிக்கிறதா? சரி. வலிக்கவில்லையா? அதற்கும் சரி. வடக்கு லண்டனில், எட்மண்டனில் இருக்கும் என் மகள் ஒரு பூசணிக்காய் சூப் செய்து கொண்டுவந்து, "அம்மா, நல்லா இருக்கா?" என்று கேட்டாள். உப்பே இல்லை. "சரி" என்றேன். அவள் சந்தோஷப்பட்டு அடுத்த நாளும் அதையே கொண்டுவந்தாள். அந்த சூப்பைக் குடித்துக்கொண்டே அழுதேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "இட்ஸ் ஓகே அம்மா, ரெஸ்ட் எடுங்க" என்றாள். உப்புக்காக அழுகிறேன் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் வரத் தொடங்கினாள். இளம்பெண். இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து உச்சரிப்பு. பையில் அட்டைகள் வைத்திருந்தாள். ஆப்பிள், சாவி, நாற்காலி. நான் ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்றேன். ஒரு சமையலறைப் படத்தைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது என்று கேட்டாள். எனக்குச் சமையலறைமேல் அப்போது அக்கறை இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. போகும்போது ஷூ போடக் குனிந்தவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

"இது எவ்வளவு அழகாக இருக்கிறது! இதையே வைத்துக்கொள்வோமே" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினாள். "வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள்?"

"தமிழ்" என்றார் அவர்.

"அப்படியானால் தமிழில்தான் தொடங்க வேண்டும். எனக்குத் தமிழ் தெரியாது. அதனால் வேலை உங்களுக்குத்தான். தினமும் இந்தப் படத்தின் முன்னால் இரண்டு பேரும் உட்காருங்கள். நீங்கள் படத்தைப் பற்றிப் பேசுங்கள். பேசிவிட்டு, அவர் பதில் சொல்வதற்கு நேரம் கொடுங்கள். அவருக்காக நீங்கள் சொல்லை முடித்து வைக்கக் கூடாது."

அவள் போன பிறகு என் கணவர் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். "நான் என்னத்தைக் கதைக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து, ஸ்ட்ரோக் வந்த பிறகு முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் சொன்னபடி செய்தார். கடையை மாலையில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்தார். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து படத்துக்கு எதிரே போடுவார். அந்த இடம் ஒடுக்கமானது. முழங்கால் சுவரில் முட்டும். பேருந்தின் முன் இருக்கையில் இருப்பது போல இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்போம்.

முதல் நாள் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது ஒரு படம்" என்றார். வெகுநேரம் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பிறகு, "குளம்" என்றார். "மரம். வள்ளம். ஒரு பொம்பிளை." கடைச் சாமானை அலமாரியில் அடுக்குவது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுநாளும் அதே. குளம், மரம், வள்ளம், பொம்பிளை.

நான் அப்போதுதான் அந்தப் படத்தை உண்மையில் பார்த்தேன். வலது பக்கம் சாம்பல் நிறப் பாறை, அதன் மேல் வெள்ளைத் தண்டுள்ள மெல்லிய மரங்கள். பாறையின் கீழே கரையில் இழுத்து விட்ட ஒரு சின்னப் படகு. பாறை விளிம்பில் சிவப்புத் தலைத்துண்டு கட்டிய பெண் ஒருத்தி, கையை நெற்றிக்கு மேலே குடை போலப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் எங்கோ பார்க்கிறாள். அவளுக்கு முன்னால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். தூரத்தில் கறுத்த காடு. அந்தக் காடும் மேகமும் தலைகீழாகத் தண்ணீரில் கிடக்கின்றன. அவ்வளவு பெரிய தண்ணீரை அவர் குளம் குளம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் குளம் என்றால் மீன் வளர்க்கிற, கோயிலுக்கு முன்னால் இருக்கிற சின்ன நீர்நிலை. அவருக்கு ஊரிலுள்ள எல்லா நீர்நிலையும் குளம்தான். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. நாளுக்கு நாள் எரிச்சல் கூடியது.

ஒரு மாலை அவர் மறுபடியும் "குளம்" என்று தொடங்கினார்.

"ஏ..." என்றேன்.

அவர் நிறுத்தினார். தெரபிஸ்ட் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏ... ஏ..." உள்ளே எங்கோ அந்தச் சொல் நிற்பது எனக்குத் தெரிந்தது. இழுத்தேன். "ஏரி."

"என்ன?"

"ஏரி!"

"குளம் இல்லையே?"

"இல்லை!" என்று கத்தினேன்.

அந்த இல்லையின் ருசியை நான் மறக்கவே மாட்டேன். வாய்க்குள் மிளகாய் கடித்தது போல இருந்தது. இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். வந்தது. மறுபடியும் வந்தது. என் கணவர் எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. முகம் ஈரமாகத் திரும்பி வந்து உட்கார்ந்து, "சரி. ஏரி" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மகள் கொடுத்தனுப்பிய சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "இல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் நான் சின்ன வயதிலிருந்து சேர்த்துவைத்த இடத்திலிருந்து வரவில்லை. படகு என்பதற்கு நான் சின்ன வயதில் சொன்னது சம்பான். அது வரவே இல்லை. வந்தது வள்ளம். ஆமா வரவில்லை, ஓம் வந்தது. முடியாது வரவில்லை, ஏலாது வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் வாயிலிருந்து கேட்டதெல்லாம் என் வாயில் குடியேறிக்கொண்டிருந்தது. மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் என் தங்கை வீடியோவில் கூப்பிட்டபோது, "நான் இப்ப கதைக்கிறன்" என்று சொன்னேன். அவள் வாயைப் பிளந்தாள்.

"என்னாக்கா இது? சிலோன்காரவங்க மாதிரி பேசுறீங்க!"

"ஓம்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு என்னை இன்னொரு தடவை ஓம் சொல்லச் சொன்னாள்.

வெள்ளைத் தண்டு மரத்துக்கு எங்கள் இருவரிடமும் தமிழ்ப் பெயர் இல்லை. அவர் "வெள்ளை மரம்" என்றார், நானும் அப்படியே சொன்னேன். தெரபிஸ்ட் வந்தபோது ஆங்கிலத்தில் "பிர்ச்" என்று கற்றுக்கொடுத்தாள். நான் சட்டம் படித்த மொழியில் திரும்பி வந்த முதல் சொல் ஒரு மரத்தின் பெயர்.

படத்தில் உள்ள சொற்கள் தீர்ந்த பிறகு எங்களுக்குச் சண்டை தொடங்கியது. அந்தப் பெண் யாரைப் பார்க்கிறாள்? படத்தின் இடது ஓரத்தோடு தண்ணீர் முடிந்துவிடுகிறது. அவள் பார்ப்பது அதற்கு அப்பால்.

"ஆரோ வருகினம். அதுதான் பாக்கிறா" என்றார் அவர்.

"போ... போகினம்" என்றேன்.

"இல்லை, வருகினம்."

"உங்களுக்கு... எப்பிடித் தெரியும்?"

அவர் படத்தின் பக்கம் குனிந்தார். "இஞ்சை பாரும்" என்றார் பிறகு. "நான் வெளிக்கிட்டு வரேக்கை என்னை வழியனுப்ப ஒருத்தரும் வரேல்லை. ஆருக்கும் சொல்லாமல் வந்த பயணம் அது. அதாலை, போறவனைப் பாக்கிற ஆள் எப்பிடி நிக்கும் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா பிறகு அண்ணை வந்தபோது ஹீத்ரோவிலை அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு விடியவிடிய நிண்டனான். ஒவ்வொருதரம் கதவு திறக்கேக்கையும் எட்டிப் பாத்தனான். இவவும் அப்பிடித்தான் நிக்கிறா. பாரும், குதிக்கால் எழும்பியிருக்கு."

இத்தனை வருட வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவரை வழியனுப்ப யாரும் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. நான் எப்போதும் பேசிக்கொண்டே இருந்ததால் அதைச் சொல்ல அவருக்கு இடம் கிடைக்கவில்லை என்று தோன்றியது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"என் அம்மா" என்றேன். "விமான நிலையம். கை... இப்பிடி." நெற்றியில் கையை வைத்துக் காட்டினேன். "நான் போகேக்கை. இப்பிடித்தான்."

"பாப்பம்" என்றார் அவர்.

மாதங்கள் போயின. படத்தை நான் முழுதாகச் சொல்வேன். பாறையில் தொடங்கி மேகத்தில் முடிப்பேன். தெரபிஸ்டுக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன், கொஞ்சம் நொண்டிக்கொண்டு. அவள் கைதட்டினாள். நானும் தேறிவிட்டேன் என்றே நினைத்தேன். அந்தத் துணிச்சலில் ஒருநாள் தனியாக மருந்துக் கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் சாதாரணமாக, "உங்கள் பிறந்த தேதி?" என்று கேட்டாள்.

ஒன்றும் வரவில்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவள் மறுபடியும், இந்தத் தடவை காது கேட்காதவரிடம் கேட்பது போல உரக்க, கேட்டாள். "சரி" என்றேன். எனக்கே கேட்டது அது. மருந்தை வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று மாலை அவர் நாற்காலிகளைப் போட்டார். நான் உட்காரவில்லை. "இது... பாடம்" என்றேன் படத்தைக் காட்டி. "பாடமாக்கினது. கதைக்கிறது இல்லை." கிளிக்குச் சொல்லிக் கொடுத்தது போல, ஒரே ஒரு படத்தைச் சொல்லத் தெரிந்தவள். அவ்வளவுதான் நான். உலகம் எதிர்பாராத கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும், அதற்கு என்னிடம் சரி மட்டும்தான் இருக்கும். இதையெல்லாம் சொல்ல முடியாமல் படியில் உட்கார்ந்துகொண்டேன். அவரும் வந்து எனக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தார். நாற்காலிகள் இரண்டும் காலியாகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த வாரக் கடைசியில் மகள் போன் செய்தாள். பின்னால் டியூப் ரயில் சத்தம். "அம்மா! எஸ்கலேட்டர்ல ஒரு போஸ்டர். சீரியஸா சொல்றேன், அது நம்ம வீட்டுப் படம்! அந்த ரெட் ஸ்கார்ஃப்! எக்ஸிபிஷன் இருக்காம். ஒரிஜினல் வந்திருக்கு அம்மா, லண்டனுக்கே வந்திருக்கு!" நான் பதில் சொல்வதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை. மளிகைக் கடைக்காரருக்குச் சனிக்கிழமை என்ன என்று எங்கள் கடை இருக்கும் கிரீன் ஸ்ட்ரீட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும். தம்பியின் கல்யாணத்துக்குக்கூடப் பாதி நாள்தான் மூடியவர், அன்று முழு நாளும் கடையை மூடிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். "வாரும்" என்றார். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் போனோம். மகள் அங்கே வாசலில் காத்திருந்தாள்.

நான் பெரிய ஆசையோடு போகவில்லை. தெரிந்த படம்தானே, ஒரு மரியாதைக்குப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். மூன்றாவது அறையில், ஆட்கள் கூடி நின்ற சுவரில் சிவப்புப் புள்ளி முதலில் தெரிந்தது. தலைத்துண்டு. நான் நடந்தேன். பாறை, மரம், கரையில் வள்ளம், மேகம், எல்லாம் அதனதன் இடத்தில். அச்சில் மங்கலாக இருந்தது இங்கே ஈரம் காயாதது போல இருந்தது. தண்ணீரின் மேல் ஒளி ஒரு கோடாக ஓடியது. அந்தக் கோட்டைக் கண்ணால் இடது பக்கம் தொடர்ந்தேன். எங்கள் வீட்டில் சட்டம் வந்து தடுக்கும் இடம் வந்தது. இங்கே தடுக்கவில்லை. படம் இன்னும் போனது. எங்கள் அச்சுப்பிரதியைச் செய்தவர்கள் இடது பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு வெட்டிவிட்டிருந்தார்கள்.

அந்தக் கை அகலத்தில் ஒரு மாடு இருந்தது.

"மாடு!" என்றேன்.

என் கணவர் திரும்பினார்.

"மாடு! அங்கை பாருங்கோ, வள்ளத்திலை மாடு! ரெண்டு பேர் மாட்டை வள்ளத்திலை ஏத்திக்கொண்டு வருகினம்! ஒருத்தன் வள்ளம் வலிக்கிறான், மற்றவன் கொம்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். மாட்டின்ரை வால் வெளியிலை தொங்குது, தண்ணியிலை முட்டுது. ஐயோ, இவ்வளவு நாளும் இவ மாட்டையே பாத்துக்கொண்டு நிண்டவ! நாங்கள் அம்மா எண்டும் அண்ணை எண்டும் சண்டை பிடிச்சம், இவ தன்ரை மாட்டுக்குக் காவல் நிண்டிருக்கிறா!"

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. என் மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். என் கணவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடு எங்கள் பாடத்தில் இல்லை. வால் இல்லை, கொம்பு இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, இதற்காக நான் எந்தச் சொல்லையும் எடுத்து வைத்துக்கொண்டு வரவில்லை. பார்த்தேன், வாயைத் திறந்தேன், வந்துவிட்டது. எல்லா மனிதருக்கும் வருவது போல.

பக்கத்தில் ஒரு வயதான ஆங்கிலேயப் பெண் காதிலிருந்த, படங்களுக்கு விளக்கம் சொல்லும் கருவியைக் கழற்றிவிட்டு, "மன்னிக்க வேண்டும், ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நிறுத்த முடியவில்லை. "பிரச்சினையே இல்லை. எங்கள் வீட்டில் இந்தப் படம் இருக்கிறது, ஆனால் மாட்டை வெட்டிவிட்டார்கள். எனக்கு ஸ்ட்ரோக் வந்தது, பேச்சுப் போய்விட்டது, இந்தப் படத்தை வைத்துத்தான் பேசப் பழகினேன். இந்தப் பெண் யாரைப் பார்க்கிறாள் என்று இவரோடு மாதக்கணக்காகச் சண்டை. கடைசியில் பார்த்தால் மாடு!" சில இடங்களில் தடுக்கியது. ஸ்ட்ரோக் என்ற சொல்லிலேயே தடுக்கியது. தடுக்கிய இடத்தில் நின்று, எழுந்து, மறுபடி நடந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற இரண்டு பேர் முன்னே வந்து மாட்டைத் தேடினார்கள். யாரோ சிரித்தார். ஒருவர், அந்த நாட்டில் கோடைக்காலத்தில் மாடுகளை மேய்ச்சலுக்காகத் தீவுகளுக்கு இப்படிப் படகில் கொண்டுபோவார்களாம் என்று சொன்னார்.

சத்தம் கேட்டு அறைக் காவலர் வந்தார். உயரமான மனிதர். "அம்மணி, கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா?" என்று பணிவாகக் கேட்டார்.

"நான் மாதக்கணக்காக மெதுவாக இருந்துவிட்டேன்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அந்த ஆங்கிலேயப் பெண் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அப்படியானால் சொல்லி முடியுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் முழுவதையும் சொன்னேன். பாறையிலிருந்து தொடங்கவில்லை. மாட்டிலிருந்து தொடங்கினேன்.

திரும்பும்போது ரயிலில் இடம் கிடைத்தது. மகள் எங்களை ஸ்டேஷனில் விட்டுவிட்டு, கண் சிவக்க எட்மண்டன் பக்கம் போனாள். என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் சொன்னனான்தானே, வருகினம் எண்டு."

"ஆரோ வருகினம் எண்டுதான் சொன்னீங்கள். மாடு எண்டு சொல்லேல்லை."

"வள்ளம் வலிக்கிறவன் போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பான். அவன்ரை முதுகு கரைப்பக்கம். அப்ப வருகினம்."

"வந்தாப் பிறகு திரும்பவும் கொண்டுபோவினம். அந்த ஆள் சொன்னது கேக்கேல்லையோ? தீவுக்கு. அப்ப அவ வழியனுப்பவும் வேணும்."

"அது வேறை நாள்."

"படத்திலை நாள் போட்டிருக்கோ?"

எதிரே இருந்த இளைஞன் ஹெட்போனை எடுத்துவிட்டுப் புன்னகைத்தான், தமிழ் தெரிந்தவனோ என்னவோ. நான் பேசிக்கொண்டே வந்தேன். ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பேசினேன். மைல் எண்டில் தொடங்கிய வாக்கியத்தை வெஸ்ட் ஹாமில் முடித்தேன். எங்கள் ஸ்டேஷனில் இறங்கி, மருந்துக் கடை இன்னும் திறந்திருப்பதைப் பார்த்து, அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அதே பெண். அதே கேள்வி. பிறந்த தேதியைச் சொன்னேன். வருடத்தையும் சொன்னேன். கேட்காமலே முகவரியையும் சொன்னேன். மருந்துப் பையை உயர்த்திக் காட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, நடைபாதையில் நின்ற என் கணவர் ஒரு பந்தயத்தில் வென்றவர் போல இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் அவர் மருந்துப் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார். "அப்ப இனி நான் கதைக்கத் தேவையில்லைத்தானே? உமக்குத்தான் எல்லாம் வந்திட்டுதே."

"இல்லை" என்றேன். "நீங்கள் கதைக்கத்தான் வேணும். எனக்கு இன்னும் கேக்க வேணும்."

அவர் அதை யோசித்துக்கொண்டு நடந்தார். பேருந்து ஒன்று எங்களைக் கடந்து போனது. தெருமுனையில் திரும்பும்போது, நான் ஒன்றும் கேட்காமலே, சொன்னார்:

"அந்த மாடு கொஞ்சமும் பயப்பிடேல்லை. கவனிச்சனீரோ?"